நடமாடும் அளவுகோல்

ஒரே ஆளின் கிட்னியை நாலு ஆஸ்பத்திரியில் நாலு எம்.ஆர்.ஐ. மெஷின் நாலு விதமாகச் சொன்னால் டாக்டர் எதை நம்புவார்? அதைத் தீர்க்கத்தான் அந்த ஆராய்ச்சி. ஊசி மருந்து எதுவும் ஏற்றாமல், ரத்தத்துக்கே காந்தத்தால் அடையாளம் போட்டு, கிட்னிக்குள் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பார்கள். எந்த இடத்தில் படம் எடுப்பது, மூச்சை எப்போது நிறுத்தச் சொல்வது, முன்னால் என்ன சாப்பிடலாம், எல்லாவற்றுக்கும் நாலு இடத்திலும் ஒரே விதி. விதி வேலை செய்கிறதா என்று பார்க்க, நோய் நொடி இல்லாத ஒருவன் நாலு மெஷினிலும் படுத்து எழ வேண்டும். நாலிலும் ஒரே எண் வந்தால் கவலை விட்டது.

அந்த ஒருவன், நாலாவது ஆஸ்பத்திரியில் மெஷின் ஓட்டுகிறவளின் தம்பி. அவள்தான் பிடித்துக் கொடுத்தாள். அப்போது வேலை வெட்டி இல்லாமல் இருந்தான். கல் மாதிரி உடம்பு. நிறுத்து என்றால் மூச்சை நிறுத்துவான், விடு என்றால் விடுவான். ஆராய்ச்சிக் கூட்டத்தில் அவனுக்கு அளவுகோல் என்றே பேர் விழுந்துவிட்டது.

"எங்கம்மா நம்ம அளவுகோல்?"

"அளவுகோல் டாய்லெட் போயிருக்கு சார்."

முதல் மூன்று ஆஸ்பத்திரியிலும் எண்கள் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. நாலாவது இவளுடையது. அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துக்கொண்டது. காந்தத்தைக் குளிர வைக்கும் வாயு கசிந்து, ஆள் வந்து, சாமான் வந்து, மறுபடி உயிர் வருவதற்குள் அரை வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் தம்பிக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. ஒரு லீவு நாளில் வந்து படுத்தான். எண் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்தது. இரண்டு கிட்னியிலும். அடுத்த வாரம் மறுபடி படுக்க வைத்தாள். அதே கதை.

எல்லோரும் மெஷினைத்தான் பார்த்தார்கள். பழுது பார்த்த மெஷின் அல்லவா, அதன் மேல் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. அவள் சோதனை உருண்டையை வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஜெல் நிரப்பிய பிளாஸ்டிக் உருண்டை. ஒரு குறையும் இல்லை.

"உருண்டைக்குள்ள ரத்தமா ஓடுது?" என்றார் ஆராய்ச்சி டாக்டர். விதி முழுவதையும் எழுதியவர் அவர்தான். "உங்க மெஷின் குறைச்சுக் காட்டுது. வர்ற எண்ணை ஒன்னேகாலால பெருக்கிடுங்க. மத்த மூணோட சரியா உக்காந்துடும்."

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. அவளுக்கும் பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. மெஷின் மேல் தப்பு என்றால் மனிதர்கள் யார் மேலும் தப்பு இல்லை. அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டாள். "உனக்கு ஒண்ணும் இல்லடா. எங்க மெஷினுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு."

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ரத்தக்கொதிப்புக்காக வந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு எண் மோசமாக வந்தது. முகமெல்லாம் வீங்கி, செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாத மனுஷன். ஒன்னேகாலால் பெருக்கினாள். ஆள் பிழைத்துக்கொண்டார், காகிதத்தில். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பெருக்குவது சரி என்றால் இந்த முகம் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் மல்லாந்து கிடந்தான், முழங்கால் இரண்டையும் மடக்கி. தம்பி மனைவி துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் துழாவி, காலி மாத்திரை அட்டைகளாக எடுத்து எடுத்து வெளியே போட்டாள்.

"என்னது இது?"

"முதுகு வலிக்குப் போட்டுக்கறார் அண்ணி. வண்டி சீட்டு சரியில்லையாம். வீட்ல உப்பு இருக்கோ இல்லையோ, இது இருக்கும்."

"ஒண்ணு ரெண்டு போட்டுப்பேன்," என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல். "இவளுக்கு எதையும் பெரிசாக்கிச் சொன்னாத்தான் தூக்கம் வரும்."

"தண்ணி எவ்வளவுடா குடிக்கறே?"

"தண்ணி குடிச்சா வண்டிய நிறுத்தணும். நிறுத்தினா லோடு லேட்டு. லேட்டானா அந்த முதலாளி வாயிலேர்ந்து வர்றதை நீ வந்து கேளு."

அவள் ஒரு அட்டையை எடுத்து மாத்திரையின் பேரைப் படித்தாள். தண்ணீர் இல்லாத உடம்பில் இந்த மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தை இறுக்கிப் பிடிக்கும். விதியில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? வருகிறவர்கள் எல்லோரிடமும் வாய்விட்டுக் கேட்டு, பதில் வாங்கி, பிறகுதான் குறிப்பாள். தம்பியிடம் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் என்ன கேட்பது என்று அவளே 'இல்லை' போட்டுவிட்டாள்.

"மாத்திரைய நிறுத்துடா. உன் கிட்னியிலதான் கோளாறு போல இருக்கு."

இப்போது கண்ணைத் திறந்தான். "உன் மெஷினுக்குக் கிறுக்குன்னு நீதானே சொன்னே? டாக்டர் சொன்னார், கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்கன்னே. இப்ப ஏன் மாத்திப் பேசறே?"

அவள் அவனை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். எல்லைக்குள் இருந்தது, மேல் விளிம்பை ஒட்டினாற்போல. பாதிக் கிட்னி போகும் வரைக்கும்கூட அந்தப் பரிசோதனை வாயைத் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு அந்தத் தாள் போதுமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டான்.

அவள் ஆராய்ச்சி டாக்டரைப் பிடித்தாள்.

"சார், ஆரம்பத்துல உங்க ஆஸ்பத்திரி மெஷின்ல நீங்களே படுத்து எடுத்துக்கிட்டீங்க இல்ல? அந்த எண் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"எங்க மெஷின்ல படுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நாலு ஆஸ்பத்திரிக்கும் சட்டம் எழுதியவருக்கு அந்தக் குழாய்க்குள் போவதென்றால் உயிர் போய் உயிர் வரும். "இப்பத்தான் காபி குடிச்சேன்மா. விதிப்படி காபி கூடாது," என்றார், தப்பித்துவிட்ட முகத்தோடு.

"அப்ப நாளைக்குக் காலையில. காபி வேண்டாம்."

வந்தார். தொப்பையை எக்கிக்கொண்டு படுத்தார். கையில் கொடுத்த அவசர மணியை அழுத்தி இரண்டு தடவை வெளியே வந்தார். மூன்றாவது தடவை, "சார், கண்ணை மூடிக்குங்க, உங்க விதியை மனசுக்குள்ள ஒப்பிச்சுக்கிட்டே இருங்க," என்றாள். அதற்குப் பிறகு அசையவில்லை.

அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குறைந்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன் மெஷின் தப்பு என்று தெரிவதற்காக இப்படி மனமுருகி வேண்டிக்கொண்ட ஒருத்தி அந்த வேலையில் இருந்திருக்க மாட்டாள்.

எண் வந்தது. பழைய எண்தான். கூடக் குறையச் சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை. "அட, மெஷின் நல்லாத்தான் இருக்கு! ஒன்னேகாலைத் தூக்கிடலாம். அந்த வாத்தியார் ரிப்போர்ட்டை இன்னைக்கே திருத்தி அனுப்பிடுங்க. உங்க தம்பி எண்ணை மட்டும் கணக்குலேர்ந்து நீக்கிட்டா நாலும் கச்சிதமா..." அப்போதுதான் அவளைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்காமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவரைக் கிட்னி டாக்டர்கிட்ட உடனே காட்டணும்மா," என்றார், மெல்ல.

போன் நெடுநேரம் அடித்தது. எடுத்தான். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"என்னக்கா, ஓட்டிக்கிட்டிருக்கேன்."

"ஓரமா நிறுத்து."

"அட, லோடு..."

"நிறுத்துடா."

இரைச்சல் அடங்கியது. பக்கத்தில் வண்டிகள் கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றாள். "வேற ஆளைப் படுக்க வெச்சுப் பாத்தாச்சு. நான் சொன்னதுதான் தப்பு. குறைஞ்சது உன் கிட்னியிலதான்."

அவன் கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அதற்கு இடம் கொடுக்காமல் மேலே பேசினாள்.

"உன்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அன்னைக்கே கேட்டிருக்கணும். மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடறியா?"

"தெரியுமே உனக்கு."

"நீ சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை?"

"சொன்னேனே, ஒண்ணு ரெண்டு."

அவள் காத்திருந்தாள். வேறு யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் காத்திருப்பாள்.

"ஆறு," என்றான். "ராத்திரி ஓட்டினா எட்டு." பிறகு, குரல் இறங்கி, "திரும்பி வருமாக்கா?"

"தெரியாதுடா," என்றாள். "வண்டியத் திருப்பு."