கோல் போடாத பிரதம விருந்தினர்

அன்று மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் தமிழ்க் கழகத்தின் உதைபந்தாட்ட விழா. பிரதம விருந்தினர் இப்ராஹிமா, பெல்ஜியத்தில் பல ஆண்டுகள் தடுப்பாட்டம் ஆடிய செனகல்காரர். வெறும் தடுப்பாட்டக்காரர் என்றால் சனம் மதிக்காது என்று பயந்த தலைவர் ஆனந்தராசா, பொன்னாடை போர்த்தியபடி, "கோல்களாகப் போட்டுக் குவித்தவர்!" என்று முழங்கினார். மகள் நிருஷா அதை விருந்தினருக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் மெல்ல ஏதோ கேட்டார்.

"என்னவாம், பிள்ளை?"

"தான் ஒரு கோலும் போடேல்லையாம், அப்பா. பந்தைப் பறிச்சு மற்றவைக்குக் குடுக்கிறதுதான் தன்ர வேலையாம். அதைச் சொன்னா உங்களுக்கு மரியாதை குறைஞ்சிடுமோ எண்டு கேக்கிறார்."

"அண்ணை, ஆள் மாறிக் கூப்பிட்டிட்டியளோ?" என்று, திறந்திருந்த ஒலிவாங்கியில் இதைக் கேட்ட ஒருவன் கீழேயிருந்து கத்த, கூட்டம் சிரித்தது.

ஆனந்தராசாவின் முகம் செத்துப்போனது. திருத்திச் சொல்ல ஒலிவாங்கியை எடுத்தவர், அதை மகளின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

இப்ராஹிமா இப்போது பக்கத்துப் பகுதியான வில்லரேயில் உதைபந்தாட்டப் பயிற்சியாளர். நிருஷா அவருடைய அணியில் ஆடுகிறாள். ஆனந்தராசா அந்த வெட்கத்தோடேயே கழகத் தலைவர் பதவியை விட்டுவிட்டார்.