பகை எண்

என் மருமகள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். டீச்சர் என்றால் தற்காலிகம். இரண்டு வருடமாக அந்தத் தற்காலிகம் போகவே இல்லை. கடைசியில் ஒரு நாள், மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்ந்து பாடம் பார்ப்பார் என்றும், அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் லீவு முடிந்ததும் வேறு ஆள் என்றும் தாக்கல் வந்தது. ஒரே ஒரு பாடம். நாற்பது நிமிஷம். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை நாற்பது நிமிஷத்தில் தீர்மானிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. என்னை யார் கேட்டார்கள்?

பாடம் என்னவென்றால் காரணி, மடங்கு, இன்னும் என்னவோ. நான் மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் டைல்ஸ் ஒட்டினேன். முழங்கால் போனதும் விட்டுவிட்டேன்.

அவள் அடுப்படியில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டே பாடத்தைச் சொல்லிப் பார்ப்பாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அரையும் குறையுமாகக் கேட்கும். "ஏழு பகை எண். பதினொண்ணு பகை எண். பதிமூணு பகை எண்." எனக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் உருப்படியாக ஏதோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முதல் முறையாகத் தோன்றியது. ஏனென்றால் அது உண்மை. ஒருவர் மிச்சம் கிடந்த பதினேழு டைல்ஸைக் கொடுத்து, கைகழுவும் தொட்டிக்குக் கீழே சதுரமாகவோ நீட்டமாகவோ அழகாகப் போட்டுத் தாருங்கள் என்பார். பன்னிரண்டு என்றால் நாலு மூன்றாகப் போடலாம், ஆறு இரண்டாகப் போடலாம், சொன்ன பேச்சைக் கேட்கும். பதினேழு கேட்காது. ஒற்றை வரிசையாக ரயில் மாதிரி நீட்டினால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். பகையாளிதான்.

பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்றாள். என்னிடம் இரண்டு அங்குல டைல்ஸ் துண்டுகள் ஒரு பெட்டி கிடந்தது. முப்பது பொறுக்கி, பிஞ்சு விரலைக் கிழிக்காதபடி ஓரத்தை எல்லாம் உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாக என்னை மாணவனாக உட்காரவைத்தாள்.

"இந்தா மாமா, ஏழு துண்டு. செவ்வகமா அடுக்குங்க."

"ஒரே வரிசைதான் வரும்."

"அப்போ ஏழுக்குக் காரணி என்னென்ன?"

"ஒண்ணு, ஏழு."

"அப்போ ஏழு என்ன எண்?"

"பகை."

"சபாஷ்!" என்றாள். எனக்கு முன்பல் இரண்டு கிடையாது. நான் சொன்னதை அவள் தன் இஷ்டத்துக்குக் கேட்டுக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரே ஒரு துண்டை எடுத்துத் தரையில் வைத்தேன். "ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் வகுக்க முடியணும்னு சொன்னியே. அப்போ இந்த ஒண்ணு? இதையும் வேற எதாலயும் வகுக்க முடியாதே. இது சேர்த்தியா, இல்லையா?"

"இல்ல மாமா. ஒண்ணு அதுலயும் சேராது, இதுலயும் சேராது."

"ஏன்?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"ஏன்னு கேட்டேம்மா."

"அப்படித்தான் மாமா! எனக்கு இன்னும் சார்ட் எழுதணும்."

நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் என் தொழிலில் 'அப்படித்தான்' என்று சொன்னவன் எவனும் சிமெண்டைச் சரியாகக் கலந்ததில்லை. மறுநாள் காலையில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு போனாள். அவளும் மருமகளின் வகுப்புதான். வாய் மூடாது, அதனால் தெருவில் எல்லோரும் அவளை ரேடியோ என்பார்கள். நான் கூப்பிட்டேன்.

"ஏய் ரேடியோ, ஒண்ணு மட்டும் ஏன் பகை எண் இல்லைன்னு உங்க டீச்சரைக் கேளு."

"ஏன் தாத்தா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கச் சொல்றேன்?"

அவள் அன்றைக்கே கேட்டுத் தொலைப்பாள் என்று நினைத்தேன். கழுதை, கேட்கவில்லை. அதிகாரி வரும் நாளில் நல்ல கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று மருமகள் வகுப்பில் சொல்லியிருந்தாளாம். அதற்காகப் பத்திரமாக முடிந்துவைத்திருக்கிறாள்.

அந்த நாளில் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தலைமையாசிரியர் பெரிய மனது பண்ணி, கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் தாடையைத் தொட்டது. பக்கத்து பெஞ்சில் அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி, மடியில் ஃபைல், முகத்தில் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட முகத்தை எனக்குப் பிடிக்காது.

பாடம் நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் குழு குழுவாகத் தரையில் துண்டுகளை அடுக்கின. ஆறுக்கு இரண்டு விதம் என்று ஒரு குழு கத்தியது. பத்து சொன்ன பேச்சைக் கேட்டது. ஐந்தும் ஏழும் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டன. மருமகள் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தாள். முப்பது நிமிஷம் தாண்டியது. நான் மூச்சு விட்டேன்.

ரேடியோ எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு ஏன் பகை எண் இல்ல?"

மருமகளின் கை பலகையிலேயே நின்றது. "என்ன எண்?"

"பகை எண். ஏழு, பதினொண்ணு எல்லாம் பகை எண்தானே? ஒண்ணு மட்டும் ஏன் இல்ல?"

"பகை இல்லடா கண்ணு, பகா எண். பகுக்க முடியாத எண். பங்கு போட வராதது. யாரு உனக்குப் பகைன்னு சொன்னது?"

"டைல்ஸ் தாத்தா. அவருதான் இந்தக் கேள்வியைக் கேக்கவும் சொன்னாரு." விரலை நேராக என்னை நோக்கி நீட்டினாள். வகுப்பு மொத்தமும் திரும்பியது. அதிகாரியும் திரும்பினார்.

எனக்குக் காது சூடானது. பகா. இத்தனை நாளும் நான் எதை அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன்?

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தாள். "ஒண்ணு பகா எண் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஏன்னு யோசிச்சதில்ல. யாருக்காவது ஏதாவது தோணுதா?"

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். எந்த டீச்சர் அதிகாரி முன்னால் தெரியாது என்று சொல்வாள்?

முன்வரிசையில் முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், தாத்தா சொன்ன மாதிரி பகைன்னே வெச்சுக்குவோம். சண்டைன்னா ரெண்டு பேரு வேணும்ல? ஏழுக்கு ஒண்ணு இருக்கு, ஏழு இருக்கு. ரெண்டு பேரு. ஒண்ணுக்கு ஒண்ணு மட்டும்தான் இருக்கு. அது யாரோட சண்டை போடும்?"

வகுப்பு சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை. பலகையில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் ஒன்று, ஏழு என்று எழுதினாள். பதினொன்றுக்கு ஒன்று, பதினொன்று. கீழே ஒன்று என்று எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு ஒன்றைப் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கே அப்போதுதான் புரிந்தது.

"எத்தனை காரணி?"

"ரெண்டு! ரெண்டு! ஒண்ணு!"

"பகா எண்ணுக்குச் சரியா ரெண்டு காரணி இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒண்ணுக்கு ஒண்ணு குறையுது. அதனாலதான் அது சேரல."

சரி, பிழைத்தாள் என்று பார்த்தால், அதிகாரி எழுந்தார். "டீச்சர், ஒரு நிமிஷம். இந்தப் பெரியவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மாமனார் மேடம்."

"ஓஹோ." ஃபைலை மூடினார். "வீட்டுலயே கேள்வியும் தயார், பதிலும் தயார். நல்லா ஒத்திகை பார்த்திருக்கீங்க."

என் வாழ்நாளில் நான் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சிலிருந்து எழ முயன்றேன், முழங்கால் மாட்டிக்கொண்டது. பாதி எழுந்தபடியே சொன்னேன்.

"அம்மா, ஒத்திகை பார்த்திருந்தா பேரையாவது ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்க மாட்டோமா? பகைன்னு சொன்னது என் செவிட்டுக் காது. இந்தக் கேள்வியை இவகிட்டதான் முதல்ல கேட்டேன். இவளுக்குத் தெரியல. அந்தக் கடுப்புலதான் குழந்தையைத் தூண்டிவிட்டேன். தப்பு என்னுது. பாடம் அவளுது. ரெண்டையும் கலக்காதீங்க. நம்பலைன்னா நீங்களே ஒரு கேள்வி போடுங்க."

"மாமா, உக்காருங்க" என்றாள் மருமகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதிகாரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு முன்னால் போய்ப் பலகையில் ஐம்பத்தொன்று என்று எழுதினார். "இது பகா எண்ணா? டீச்சர், நீங்க பேசக் கூடாது. ஜன்னல் பக்கம் போய் நில்லுங்க."

ஐம்பத்தொன்றைப் பார்த்தாலே முரட்டு எண் என்று தெரியும். இரண்டாகப் போகாது, ஐந்தாகப் போகாது. பகா எண் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் சொன்னேன். மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றாள்.

"அடுக்கிப் பாக்கலாம்" என்றான் பிளாஸ்திரிக்காரன்.

"துண்டு முப்பதுதான்டா இருக்கு!"

"முப்பதை மட்டும் அடுக்கு, மிச்சத்தைப் பிறகு பாப்போம்" என்றாள் ரேடியோ. எல்லாத் துண்டுகளையும் நடுவில் கொட்டினார்கள். இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டாம், ஐம்பத்தொன்று ஒற்றை எண் என்று ஒரு குரல். மும்மூன்றாக வைத்தார்கள். பத்து வரிசை வந்தது.

"முப்பது ஆச்சு. மிச்சம்?"

விரலை மடக்கினார்கள். "இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு மூணோட மடங்குதானே! மூவேழு இருபத்தொண்ணு!"

"அப்போ இன்னும் ஏழு வரிசை. துண்டு இல்ல, ஆனா இருந்தா வரும்."

"பத்தும் ஏழும் பதினேழு. மேடம், மூணு பதினேழு ஐம்பத்தொண்ணு! அது பகா எண் இல்ல! நடிக்குது!"

ஜன்னலருகே நின்றவள் திரும்பவில்லை. தோள் மட்டும் இறங்கியது.

அதிகாரி தரையில் கிடந்த பத்து வரிசையையும், அதற்குக் கீழே பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்த வெறும் கட்டங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க என்ன நெனைச்சீங்க பெரியவரே?"

"பகா எண்ணுன்னு நெனைச்சேன்."

"நிறைய பேர் அப்படித்தான் நெனைப்பாங்க. அதனாலதான் அதைப் போட்டேன்" என்று சொல்லி ஃபைலைத் திறந்தார். எழுதினார், எழுதினார், ஒரு பக்கம் முழுக்க. எட்டிப் பார்த்தேன். கூட்டெழுத்து, ஒன்றும் விளங்கவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, கிளம்பும்போது மருமகளிடம், "தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதைத்தான் முதல் வரியா எழுதியிருக்கேன்" என்றார்.

அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குப் புரியவில்லை. மருமகளுக்கும் புரியவில்லை. ஒன்பது நாள் வீட்டில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. அவள் என்னோடு பேசவும் இல்லை. பத்தாம் நாள் பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓர் உத்தரவுக் காகிதத்தை என் மடியில் போட்டாள். நிரந்தரம் என்ற வார்த்தையை நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று தடவை படித்தேன். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான்.