சர்வேயருக்காக மெழுகிய சுவர்

செம்மேட்டில் பூகம்பப் பாலிசி இருந்தது ராசப்பன் வீட்டுக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் அதற்கான அவசியமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை.

சேந்தமங்கலத்து இன்சூரன்ஸ் ஏஜெண்டு மாதேஸ்வரன் கோட்டு மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்து அதை அவன் தலையில் கட்டினார். சாதாரணப் பாலிசி நெருப்புக்கு மட்டும்தான். பூமி அசைந்து வீடு சேதமானாலும் நட்ட ஈடு வேண்டுமென்றால் மேற்கொண்டு கட்ட வேண்டும். அந்த மேற்கொண்டுக்கு ராசப்பனின் ஒரு வருஷத்து மிளகு இறங்கிப் போயிற்று.

"பூமியே ஆடினாலும் கம்பெனி ஆடாது ராசப்பா" என்றார் மாதேஸ்வரன். அந்த வாக்கு மட்டும் பொய்க்கவில்லை.

ஐப்பசிக்குப் பத்து நாள் இருக்கையில் பூமி ஆடியது. நாலு மூச்சு விடும் நேரம்தான். ஊரிலுள்ள மூங்கில் தட்டிச் சுவர்களும் புல்லுக் கூரைகளும் கூடவே ஆடிவிட்டு ஒன்றும் நடவாததுபோல் நின்றன. கல்லும் மண்ணும் வைத்து ஓடு போட்ட ஒரே வீடு ராசப்பனுடையது. அதன் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அளவுக்கு வெடித்தது. பாதிக் கூரையின் பாரம் அந்தச் சுவரின் மேல். அடைமழைக்குள் பிரித்துக் கட்டாவிட்டால் சாய்ந்துவிடும். கட்டுவதற்கு அவனிடம் பாலிசியைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாதேஸ்வரன் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். சர்வேயர் வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல, நாசத்தை அளக்கிறவர்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே ராசப்பனின் மனைவி கண்ணாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விருந்தாள் வருகிற வீட்டை மெழுகாமல் போட்டுவைப்பது அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை.

"ஏனுங்க, மெத்தப் படிச்ச ஆபீசரு வாராரு. இப்படி வாயைப் பொளந்துட்டு நிக்கற செவுத்தையா அவருக்குக் காட்டறது? மானம் போயிருமுங்க."

"வெடிப்பைப் பாக்கத்தான் புள்ள அவரு வாரதே."

"சொன்னா நம்பமாட்டாராக்கும்? நம்மளப் பொய்க்காரங்கன்னா நெனைச்சுப் போடுவாரு?"

சொன்னதை நம்பாத மனுஷர் இத்தனை தூரம் மலையேறி வருவாரா என்று ராசப்பனுக்கும் தோன்றியது. அவனே செம்மண்ணை மிதித்துக் குழைத்தான். இருவரும் வெடிப்பை அடைத்து, சாணி போட்டு வழவழவென்று மெழுகி, கீழே காவிப்பட்டை அடித்து முடித்தார்கள். கல்யாணத்துக்குக்கூடச் சுவர் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாதேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு சர்வேயர் வந்தார். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டார். குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி, கண்ணாயியைப் பெருமைப்படுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

முன்னறையில் வாடகைக்குக் கடை வைத்திருந்த சின்னராசு முந்திக்கொண்டான். லாந்தர் சிம்னியும் கண்ணாடி வளையலுமாக அவன் சரக்கு அத்தனையும் தூளாகிக் கிடந்தது.

"சாமி, எம்பட சாமானையும் எழுதிக்கோங்க. நானும் இந்த ஊட்டுக்குள்ளதானுங்க இருக்கறேன்."

"பாலிசி வீட்டுக்குப்பா. வீடு அவருது, சாமான் உன்னுது. நீ தனியா எடுத்திருக்கணும்."

"மாசாமாசம் வாடகை குடுக்கறனுங்களே!"

"அதனாலதான் உள்ளே இருக்கே. நட்ட ஈட்டுக்கு அது ஆகாது."

சர்வேயர் பின்னறைக்குள் வந்து சுவரை உள்பக்கமிருந்து தட்டிப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே! வெடிப்பு எங்கே?"

"இங்கதானுங்க. நீங்க வாரீங்கன்னு அடைச்சு மெழுகிப் போட்டமுங்க."

சர்வேயர் ஏஜெண்டைப் பார்த்தார். ஏஜெண்டு ஜன்னல் வழியே பலாமரத்தில் காய் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணால பாக்காததை நான் எழுத முடியாதுப்பா."

"ஒரு நிமிசம் இருங்க சாமி. காட்டிப் போடறேன்."

ராசப்பன் கடப்பாரையை எடுத்தான். முதல் குத்தில் மெழுக்கு உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் அடைத்த மண் பொலபொலவென்று கொட்டி, வெடிப்பு ராசப்பன் கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டு மூன்றாவதும் குத்தினான். சுவர் ஒருமுறை முனகியது. அப்புறம் தோட்டத்துப் பக்கமாக மொத்தமாகச் சாய்ந்தது. பின்பாதிக் கூரை ஓடும் சட்டமுமாகச் சரிந்து அதன்மேல் விழுந்தது.

வாசலுக்குத் தாவியிருந்த சர்வேயர் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கெட்ட மனுஷர் இல்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதினார். மாதேஸ்வரன் அதைத் தமிழில் படித்துச் சொன்னார்: "பாலிசிதாரர் என் முன்னிலையில் தம் கையாலேயே கடப்பாரையால் சுவரை இடித்தார். பூகம்பச் சேதம் காணப்படவில்லை."

"நெசந்தானுங்க" என்றான் ராசப்பன். வேறென்ன சொல்வது? பிறகு, "அப்ப அன்னிக்குப் பூமி ஆடுனதுங்க?" என்று கேட்டான்.

"ஆடினதைக் கம்பெனி மறுக்கவே இல்லையே" என்றார் சர்வேயர் அன்பாக.

கைநாட்டு வாங்கிக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள். போகிற போக்கில் மாதேஸ்வரன், "தை மாசத் தவணையை விட்டுறாதே ராசப்பா. விட்டா உரிமை போயிரும்" என்று ஞாபகப்படுத்தினார். உடையாமல் மிஞ்சியதைச் சாக்கில் கட்டிக்கொண்டு சின்னராசுவும் கிளம்பினான். அவன் ராசப்பனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூரை போன பின்னறையில், வருஷத்துச் சாமை முழுவதும் இருந்த குதிர் வானத்தைப் பார்த்து நின்றது. கண்ணாயி பாயை எடுத்துவந்து அதன்மேல் விரித்துப் பிடித்தாள்.

"எத்தன நேரமுங்க புடிக்கறது?"

ராசப்பன் பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் பாயை நனைத்துக் குதிருக்குள் சொட்ட ஆரம்பித்தது.