விழாத பக்கமே இல்லை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஊசியக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பஸ்ஸை நம்பி நம்பி எத்தனையோ பேருடைய ரத்தம் வழியிலேயே கெட்டுப்போயிற்று. "திங்கக்கிழமை சொந்த வண்டியோட வாங்க. இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வீட்டில் வண்டி இல்லையா? ஏன் இல்லை, மகாராஜா மாதிரி நிற்கிறதே! கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் ஆசை ஆசையாகப் புத்தம் புதிதாய் வாங்கியது. வாங்கி வருஷங்கள் ஆகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையை உரிக்க மனசு வரவில்லை. மழையில் எடுக்க மாட்டார், வெயிலிலும் எடுக்க மாட்டார். நாள் முழுக்கக் கண்ணாடியில் கீறல் தேடுகிற மனுஷனுக்குக் கீறல் என்றாலே ஆகாது. ஒருமுறை சாரல் அடிக்கிறதே என்று அவள் அதை நகர்த்தப் போக, அது அவள் காலிலேயே சாய்ந்தது. ஓடி வந்தவர் வண்டியைத் தூக்கினார், டேங்கைத் தடவினார், "ஐயோ, கோடு விழுந்துடுச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் கால் வீங்கியிருந்ததை மறுநாள்தான் பார்த்தார். அன்றிலிருந்து சாவி அவர் சட்டைப்பையில். அவளும் கேட்கவில்லை, வைராக்கியம்.

"யாரோ ஓட்டித் தேய்ச்ச வண்டி எதுக்கு? தவணையில புதுசாவே வாங்கிடலாம்" என்றார் புருஷன், பழைய வண்டி விற்கும் மெக்கானிக் கடைக்குப் போகும் வழியில்.

"புதுசு ஒண்ணு வீட்ல தூங்குதே, போதாதா? புதுசுன்னா அதுக்கு நான் வேலைக்காரி. பழசுன்னா அது எனக்கு வேலை செய்யும். வேகமா நடங்க, கடையைச் சாத்திடப் போறான்."

கடை முற்றத்தில் வரிசையாகப் பழைய வண்டிகள். கண்ணாடிக்காரர் நேராகப் போய் ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் நின்றார். "இதைப் பாரு, முகமே தெரியுது!"

அவள் முகம் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, டேங்குக்கு அடியில் விரலை ஓட்டினாள். குண்டுக் கைகளில் நரம்பு தேடுவதும் இப்படித்தான். கண் ஏமாற்றும், விரல் ஏமாறாது. ஓரிடத்தில் விரல் நின்றது. "தம்பி, இங்க வெல்டிங் வச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்கு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "யாரும் அங்க கையே வைக்க மாட்டாங்களேக்கா!"

"இதைவிட நல்லதா இருந்தா காட்டு. இல்லைன்னா ஆளை விடு."

மூலையில் ஒன்று நின்றது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் உழைத்த வண்டி. கைப்பிடி முதல் புகைக்குழாய் வரை கீறல். "விழாத பக்கமே இல்லைக்கா. ஆனா இன்ஜின் தங்கம், நான்தான் பார்த்துக்கிட்டேன். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும்."

கண்ணாடிக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "அடக் கடவுளே, இது வண்டியா?"

அவள் இன்ஜினில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. பொத்தானை ஒரே அழுத்து, பிடித்துக்கொண்டது. ஃப்ரேமையும் விரலால் தடவிப் பார்த்தாள், ஒட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியில் பழகியது கை மறக்கவில்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "இதுதான்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ரத்தப்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பரபரவென்று கிளம்பினாள். வாசல் ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான், வண்டியும் அவளும் தரையில்!

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். பழக்கதோஷம், முதலில் வண்டியைத்தான் தூக்கினார். டேங்கைப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், சுற்றிச் சுற்றி வந்தார். வேலை போய்விடுமோ என்ற பதற்றத்தைவிட அந்தச் சுற்றல்தான் அவளை எரித்தது.

"எதுடி புதுக் கீறல்?" என்று திகைத்து நின்றார். அத்தனை கீறலுக்குள் அவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டியில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் போகவே, கண் அவள் பக்கம் திரும்பியது. முழங்கையில் ரத்தம்.

"ஐயோ... அடிபட்டுடுச்சா உனக்கு?"

"இப்பவாவது கேக்கத் தோணுச்சே!" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அவளுடைய பெட்டியிலிருந்தே பஞ்சை எடுத்து முழங்கையில் வைத்தார். டேங்கைத் துடைக்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தார்.

"தேய்க்காதீங்க" என்றாள், தினமும் எல்லாரிடமும் சொல்வதையே. "கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க."