கிழங்கை அறுக்க மூத்தவர் யார்?

வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமை காலையிலும் விட்டபாடில்லை. இத்தாலியில் போர்கெத்தோ ஊருக்கு நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறிய இக்போ சனத்தின் சங்கத்துப் பெண்கள் மாதா கோவில் கூடத்தின் பின்கட்டில் அடுப்பு மூட்டும்போது, "வானத்துக்கு வயித்தால போகுதா என்ன?" என்று கேட்டாள் உலோமா. எல்லாரும் சிரித்தார்கள். புதுக்கிழங்குத் திருவிழா அன்றைக்கு யாருக்கு மழை பெரிதாகத் தெரியும்?

சமையலுக்கு உலோமாதான் தலைவி. அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டினால் சங்கத்துத் தலைவரே வாயை மூடிக்கொள்வார் என்று பேர். வருஷம் பூராவும் தக்காளி ஆலையிலும் முதியோர் இல்லத்திலும் கோழிப் பண்ணையிலும் சிதறிக் கிடக்கிற குடும்பங்களெல்லாம் அந்த ஒரு நாள் பட்டும் பவளமுமாக வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் இத்தாலியத்தில் வாயாடுகிற பிள்ளைகள் இக்போப் பாட்டுக்கு இடுப்பை வளைத்து ஆடும். சொந்த ஊரில் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டில் அனுப்பியது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது, எல்லாம் அந்த விருந்தில் பேசி முடிவானவைதான்.

பத்து மணி வாக்கில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் இடுப்பளவு புகுந்துவிட்டது. பாலத்தை மூடிவிட்டார்கள். கோவில் இருந்தது மேட்டில். அதனால் கீழ்த்தெரு சனமெல்லாம் அங்கேதான் ஏறி வந்தது.

பங்குத்தந்தை சான்ட்ரோ சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். "உலோமா, உங்க விழா அன்னைக்குப் போய் இப்படி ஆயிடுச்சு. கொஞ்சப் பேருக்கு உட்கார இடம் மட்டும் குடுக்க முடியுமா?"

"இடம் மட்டும் குடுத்தா எங்க அம்மா கனவுல வந்து அடிப்பா, ஃபாதர். வரச் சொல்லுங்க."

கொஞ்சப் பேர் என்றது கூடம் கொள்ளாத கூட்டமாயிற்று. ராத்திரி உடுப்போடு வந்தவர்கள், ஒரு கால் செருப்போடு வந்தவர்கள், நாயைத் தோளில் போட்டு வந்தவர்கள். ரொட்டிக்கடை லொரெத்தா பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து, அழுகையும் கோபமுமாக நின்றாள். சங்கத்துப் பெண்கள் தங்கள் மேல்துணிகளை உருவி, குளிரில் நடுங்கியவர்களைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். சற்று நேரத்தில் பாதி போர்கெத்தோ, பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணிக்குள் உட்கார்ந்து சூடாக ஆட்டுக்கறிச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. காரம் ஏறி மூக்கொழுக, "இன்னும் கொஞ்சம்" என்றது.

மத்தியானம் தாண்டியதும் சோற்று அண்டா அடி தட்டியது. சாறும் தீர்ந்தது. சனமோ வந்துகொண்டே இருந்தது. உலோமா திரும்பிப் பார்த்தாள். சுவரோரம், பாதுவாவிலிருந்து வேனில் வந்த புது வள்ளிக்கிழங்குகள், ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனத்தில், அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கரித்தணல் தயாராக இருந்தது. ஆனால் கூட்டத்தில் மூத்த ஆண் அறுத்து, முன்னோருக்குப் படைத்து, முதல் துண்டைத் தின்னாமல் புதுக்கிழங்கில் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் மூத்தவர் என்று வருஷா வருஷம் அறுக்கிற தலைவர் ஒன்யெக்வேலு பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். போனும் போகவில்லை.

"அவர் இல்லன்னா அடுத்த மூத்தவர் அறுக்கலாம்தானே?" என்று உலோமா ஆண்களிடம் கேட்டாள்.

"தாராளமா," என்று எழுந்தான் எஜிகே. "கத்திய எடு. நான்தான்."

"நீ எப்படி?" என்று மறித்தான் ம்பானெஃபோ. "ஊர்ல சண்டை தொடங்கினப்போ நீ எவ்வளவு பெரிசா இருந்தே?"

"ஓடுற வயசு. குண்டு விழுந்தப்போ நானே ஓடிப் பதுங்கு குழியில குதிச்சேன்."

"நான் ஓடினதோட என் தம்பியையும் தூக்கிட்டு ஓடினேன். யாரு பெரியவன்?"

"உன் தம்பி எலிக்குஞ்சு மாதிரி இருந்திருப்பான்!"

இக்போ சனம் தனிநாடு கேட்டு நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவர்கள் அவர்கள். பிறந்த தேதி எழுதிய காகிதமெல்லாம் யாருடைய கூரையோடோ எரிந்து போயிருந்தது. சங்கத்தில் வெவ்வேறு ஊர்க்காரர்கள் என்பதால் சாட்சி சொல்லவும் ஆளில்லை. பேச்சு வளர்ந்தது. செயலாளர் எழுந்து, இதை முறைப்படி தீர்மானமாகக் கொண்டு வரலாமே என்றார். அடுப்படியில் லொரெத்தா உலோமாவின் காதைக் கடித்தாள்.

"என்ன சண்டை? அந்தக் கட்டை என்ன, உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்கோட பெரியப்பா. யாரு அதை அறுக்குறதுன்னு சண்டை."

"எங்க ஊர் முனிசிபாலிட்டி மாதிரியே இருக்கே," என்றாள் லொரெத்தா. அன்று அவள் முதல் தடவை சிரித்தாள்.

ஆனால் உலோமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில், தூணுக்குப் பின்னால், வாயே திறக்காமல் ஷூவின் நாடாவை முடிந்துகொண்டிருந்த ஒரு மனிதர்மேல்தான் அவள் கண் இருந்தது. அவளுடைய புருஷன் ஒக்வுதிலி. முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். தலை எப்போதும் காக்காய்க் கருப்பு. சங்கத்தில் கேட்டால் அறுபது என்பார். தலைவரைப் பார்த்தால் "அண்ணே" என்று குனிவார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒலுச்சி அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"எதை?"

"உங்க வயச."

நாடா அவர் கையிலிருந்து நழுவியது. "என் வயசுக்கு என்ன? அறுபது."

"நம்ம புள்ள ஒலுச்சி பொறந்தப்போ உங்க தங்கச்சி வந்து மூணு மாசம் இருந்தாளே, மறந்துட்டீங்களா? அவளுக்கு ரெண்டு கோப்பை கள்ளு போதும். எல்லாம் சொல்லிட்டா. சண்டை தொடங்கினப்போ நீங்க ஆறாங்கிளாஸ் பாஸ் பண்ணியிருந்தீங்களாம்."

அவர் கண்ணைப் பெரிதாக்கி அவளைப் பார்த்தார். "அப்போவே தெரியுமா? இருபத்தஞ்சு வருஷமா ஏன் வாயத் திறக்கல?"

"பொண்ணு பாக்க வந்தப்போ, கிழவன்னு நான் வேண்டாம்னு சொல்லிடுவேனோன்னு பயந்து பொய் சொன்னீங்க. அவ்வளவு பயந்தீங்களேன்னு எனக்குப் பெருமைதான். ஆனா இன்னைக்கு அந்தப் பொய்ய வெச்சுக்க முடியாது. அந்தப் புள்ளைங்களப் பாருங்க."

கூடத்து நடுவே இரண்டு பிள்ளைகள் காலியான சோற்று அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று எஜிகேயின் பேத்தி. இன்னொன்று கீழ்த்தெருப் பையன். ஒக்வுதிலி அதைப் பார்த்தார். கையால் தலையைத் தடவிக்கொண்டார். வம்பாகக் கேட்டுவிட்டோமோ, நாலு பேர் முன்னால் இவர் தலை குனிந்துவிடுமோ என்று உலோமாவுக்குப் பயம்.

அவர் எழுந்தார். நடுக்கூடத்துக்கு நடந்து போய், "டேய் பொடிப்பசங்களா, நிறுத்துங்கடா!" என்றார்.

எஜிகே திரும்பினான். "யாரப் பாத்துப் பொடிப்பசங்க?"

"உன்னத்தான். இவனையுந்தான். நீ குழிக்குள்ள குதிச்சியே, அந்தக் குழிய வெட்டினவங்க வயசுடா எனக்கு. சண்டை வந்த வருஷம் நான் ஆறாங்கிளாஸ் முடிச்சிருந்தேன். எங்கப்பா திரும்பி வரல. என் தங்கச்சியத் தோளுல வெச்சு, மூணு காடு தாண்டி நடந்தேன். அந்த நடை நடந்தவனுக்கு வயசு மறக்காது." கருப்புத் தலையைத் தடவினார். "சொல்லக் கூச்சப்பட்டேன். அழகான பொண்டாட்டி கிடைச்சா ஆம்பளைக்குப் புத்தி கெட்டுப் போகும். எனக்கு எழுபது."

பெண்கள் பக்கமிருந்து கிளம்பிய குலவையில் லொரெத்தாவின் பூனை கூடையை விட்டே குதித்தது. "எழுபதா! அந்தத் தலைக்கா!" என்று ம்பானெஃபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இதில் பொய் இருக்க முடியாது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இத்தனை வருஷம் வயதைக் குறைத்தவன் கூட்டிச் சொல்ல வேறு என்ன காரணம்? எஜிகேதான் கத்தியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து நீட்டினான்.

ஒக்வுதிலி கிழங்கை அறுத்தார். ஒரு துண்டை மண்ணுக்கு வைத்தார். செத்துப்போன பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தன் தகப்பன் பேரை இரண்டு தடவை சொன்னார். "பருந்தும் உட்காரட்டும், கழுகும் உட்காரட்டும்," என்றார். "எங்க வீட்டுக்காரங்களும் பொழைக்கட்டும், இந்த ஊர்க்காரங்களும் பொழைக்கட்டும். ஆறு தன் படுக்கையிலேயே போய்ப் படுக்கட்டும்." அறுத்த துண்டுகள் தணலில் வெந்ததும், ஒன்றைச் செம்பனை எண்ணெயில் தோய்த்து முதல் வாய் தின்றார். அடுத்த இரண்டு துண்டும் அண்டாவுக்குள் தலை விட்ட பிள்ளைகளுக்குப் போயின.

பிறகு உலோமாவுக்கு நிமிர நேரமில்லை. லொரெத்தா சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தணலருகே வந்து நின்றாள். "ரொட்டி சுடுறவகிட்டயா நெருப்பு காட்டுற? தள்ளு," என்று கிழங்கைப் புரட்டலானாள்.

சனம் பாதி தின்றுகொண்டிருக்கும்போது வாசலில் கூச்சல். தீயணைப்புக்காரர்களின் ரப்பர் படகு சரிவின் அடியில் வந்து முட்டியது. அதில் நட்டநடுவே, சிங்கத்தலை போட்ட சட்டை, கழுகிறகு செருகிய சிவப்புத் தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு, தலைவர் ஒன்யெக்வேலு ராஜா போல நின்றிருந்தார். உட்காருங்க என்று தீயணைப்புக்காரர்கள் கத்தியும் அவர் கேட்கவில்லை.

உள்ளே வந்து, எல்லார் வாயும் அசைவதைப் பார்த்தார். முகம் இறுகியது. "யாரு அறுத்தது?"

ஒக்வுதிலி முன்னால் வந்தார். "நான்தான்."

"நீயா? சின்னப்பய நீயா?"

"சண்டை தொடங்கினப்போ நீங்க எத்தனாங்கிளாஸ், அண்ணே?"

"மூணு. அதுக்கென்ன?"

"நான் ஆறு."

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் முதலில் கோபம்தான் இருந்தது. உதடு துடித்தது. அப்புறம் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. "அட திருட்டுப்பயலே! இத்தனை வருஷமா என்னைய அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டு, எனக்கு மூப்பு வந்துடுச்சுன்னு நம்ப வெச்சுட்டியே! போன வருஷம் என் முட்டி வலிக்கு நீதானடா தைலம் தடவினே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தனக்கென்று போட்டிருந்த பெரிய நாற்காலியை இழுத்துப் போட்டார். "தொப்பி பட்டத்துக்கு, அது என்னோடது. நாற்காலி வயசுக்கு. உட்காரு அண்ணே."

ஒக்வுதிலி உட்கார்ந்தார். மேளம் கிளம்பியது. உலோமா கரண்டியோடே ஆடப் போனாள். பூப்போட்ட துணி கட்டிய போர்கெத்தோ சனம், கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் பின்னால் சங்கிலியாக வந்தது. நாற்காலியிலிருந்த மனிதர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்த மாதிரி. இத்தனை நேரம் அவளுக்குள் இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்ததும் சங்கத்து ஆண் பெண் அத்தனை பேரும் மண்வெட்டியோடு கீழ்த்தெருவுக்கு இறங்கினார்கள். சேறு முழங்கால்வரை கிடந்தது. ஒக்வுதிலி முதல் வெட்டு வெட்டியதுமே எஜிகே ஓடி வந்து மண்வெட்டியைப் பிடுங்கினான்.

"பெரியவரே, வெச்சிருங்க. நீங்க உட்காந்து பாத்தா போதும்."

"போன வாரம் வரைக்கும் எல்லா மூட்டையையும் என் முதுகுலதானடா ஏத்தினே!"

"போன வாரம் உங்களுக்கு அறுபது."

லொரெத்தாவின் அடுப்படியிலிருந்து சேற்று வண்டியைத் தள்ளி வந்த உலோமா, சிரித்த சிரிப்பில் வண்டியை நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டாள். எல்லாருமாகச் சேர்ந்து அதை மறுபடி அள்ள வேண்டியதாயிற்று.