எழுத்தில்லாத பவுண்

கண்டி நகரிலுள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பது துஷாந்தியின் வேலை. பதினான்கு வருடமாக அதைச் செய்கிறாள். எந்தச் சந்தேகத்தையும் இயந்திரத்தில் போட்டு விடை எடுக்கலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு எப்படியோ படிந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பவுண் விஷயத்தில் அவள் அவ்வளவு குழம்பிப்போனாள்.

மாசி மாதத்தில் அவளுடைய நிலையான வைப்பு ஒன்று முதிர்ந்தது. வட்டியோடு சேர்த்து மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காசை வங்கியில் போட்டபோது அதற்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். நடுவில் நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்து எழும்பியதில், இப்போது அரை மோட்டார் சைக்கிள்கூடத் தேறாது. திரும்பவும் வங்கியிலேயே போட அவளுக்கு மனம் வரவில்லை.

"உம்மட காசு, உம்மட விருப்பம்," என்றான் கணவன் சயந்தன். அவன் பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிப்பவன். வீட்டுக்கு வந்தால் வணிகம் பற்றி ஒரு சொல் பேசமாட்டான்.

தங்கம் வாங்கு என்று சொன்னவள் மஸாஹிரா, ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரி. அவளும் அந்த மாதம் சீட்டுக் காசு எடுத்திருந்தாள்.

"பேப்பர்ல ஒரு பவுண் விலை எண்டு ரெண்டு விலை போட்டிருக்கிறாங்கள்," என்று துஷாந்தி கேட்டாள். "எது சரி?"

"ரெண்டும் சரி. இருபத்தி நாலு கெரட் ஒரு விலை, இருபத்திரண்டு ஒரு விலை. பவுண் என்டா எட்டு கிராம், அவ்வளவுதான்."

"அப்ப பவுண் காசு எண்டு ஒண்டு இருக்கே? ராசாவின்ர தலை போட்டது?"

"அதுவும் பவுண்தான். ஆனா எட்டு கிராம் இல்ல, மயிரிழை கொறவு. அதுக்கு வேற விலை." மஸாஹிரா சிரித்தாள். "நீ அதுக்குள்ள போகாத. பேசாம தங்க பிஸ்கட் வாங்கு. நான் சாஹுல் ஹமீது ஹாஜியார்ட கடைலதான் வாங்கப்போறன்."

துஷாந்தி அதற்குள் போனாள். இரவில் கைப்பேசியில் தேடத் தேட, பழைய நாணயங்கள் வெறும் தங்கத்தைவிடப் பல மடங்கு விலை போகும் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெறும் தங்கக் கட்டியை வாங்குபவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று ஒரு காணொளி சொன்னது. நாணயம் சேர்ப்பவர்கள்தான் விவரம் தெரியாதவர்கள் என்று அடுத்தது சொன்னது. இரண்டையும் அவள் நம்பினாள்.

அப்படித் தேடியபோதுதான் கடுகண்ணாவையிலிருந்து ஒருவர் போட்டிருந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழாம் ஆண்டுப் பவுண், இலண்டனில் அடித்தது, மிக அரிது.

சனிக்கிழமை காசையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். விற்பவர் செல்லப்பா, கடுகண்ணாவைச் சந்தியில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, சுத்தமான சட்டைக்காரர். நாணயத்தை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ். மறுபக்கம் குதிரையில் ஒரு வீரன், காலடியில் சிறகு விரித்த பறவைநாகம், அதற்கும் கீழே ஆண்டு.

"இங்க பாருங்கம்மா," என்று கண்ணில் பொருத்தும் கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். "வருஷத்துக்கு மேல ஒரு கோடு இருக்குதில்ல, குதிர நிக்கிற தரை. சிட்னில அடிச்சதுன்னா அந்தக் கோட்டுல சின்னதா ஒரு எஸ் இருக்கும். பேர்த்துன்னா பி. எழுத்தே இல்லாட்டி இலண்டன். அந்த வருஷம் இலண்டன்ல அடிச்சத எல்லாம் உருக்கிட்டாங்க. மிச்சம் கொஞ்சம்தான்."

"அப்ப எழுத்து இருக்கிறதைவிட இல்லாததுக்குத்தான் விலை?"

"ஆமாங்க. அதான் வேடிக்கை."

"நீங்கள் ஏன் ஐயா விக்கிறியள்?"

"கூரை மாத்தணும். வெளிநாட்டுல இதுக்கு எவ்வளவோ குடுப்பாங்களாம். எனக்கு அனுப்புற வழி தெரியாது." முப்பது வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கியதாகவும் சொன்னார்.

நாலரை லட்சம் கேட்டார். அன்று வெறும் இருபத்திரண்டு கெரட் ஒரு பவுண் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் அளவில் போனது. அவள் மூன்றரைக்குப் பேசினாள். அவர் சற்றுநேரம் வெளியே போகும் லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். இவ்வளவு அரியதை ஒரு மனிதர் ஏன் ஒரு லட்சம் குறைத்துத் தருகிறார் என்ற கேள்வி அவளுக்குத் திரும்பும் பஸ் பிலிமத்தலாவை தாண்டும்போதுதான் வந்தது. அப்போது பவுண் அவள் கைப்பைக்குள் இருந்தது, காசு அவரிடம் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் ஆய்வுகூடத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து நாணயத்தைத் தராசில் வைத்தாள். ஏழு தசம் ஒன்பது ஏழு கிராம். புதிதாக அடித்தபோது ஏழு தசம் ஒன்பது ஒன்பது; நூறு வருடம் கைமாறிய காசுக்கு அந்தத் தேய்மானம் சரி. பிறகு ஒரு முகவைத் தண்ணீரைத் தராசில் வைத்து, நாணயத்தை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டு, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தாள். கணக்குப் போட்டால் அடர்த்தி பதினேழு தசம் ஏழு. இருபத்திரண்டு கெரட் தங்கத்துக்கு எழுதிவைத்த இலக்கம் அதுதான். அன்று முழுக்க அவள் தனக்குள் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தாள்.

மஸாஹிரா விடவில்லை. "ஹாஜியார்ட்ட ஒருக்கா காட்டு. நான் இன்டைக்கி பிஸ்கட் எடுக்கப் போறன், நீயும் வா."

டவுனில் ஹாஜியாரின் நகைக்கடை ஒடுக்கமானது, நீளமானது. அவரும் மகன் ஹுதைபாவும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்தார்கள். ஹாஜியார் நாணயத்தை உரைகல்லில் மெல்ல இழுத்து, ஒரு துளி அமிலம் விட்டுப் பார்த்தார். தராசில் வைத்தார்.

"நல்ல தங்கம், மகள். இருபத்திரண்டு. இப்ப தந்தா இன்டைய விலைக்கு எடுப்பன்."

"இது பழசு, ஹாஜியார். அரிதானது."

"தங்கத்துக்கு வயசில்ல," என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார்.

ஹுதைபா நாணயத்தை வாங்கிக் கண்ணாடியால் பார்த்தான். வங்கியொன்றில் கணினி வேலை செய்கிறவன், பின்னேரத்தில் கடைக்கு வருவான். நாணயம் சேர்க்கும் பைத்தியம் அவனுக்கு உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தான். நாணயத்தைத் திருப்பினான். திரும்பவும் திருப்பினான்.

"ராத்தா, இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

சொன்னாள்.

"எழுத்தில்லாத பதினேழு உண்மையா என்டா அந்த விலைக்கி யாரும் தரமாட்டாங்க. அதுதான் மொதல் விஷயம். ரெண்டாவது, கோட்டுல எழுத்து ஈக்க வேண்டிய இடத்துல கொஞ்சம் சப்பையா ஈக்கி. யாரோ சொரண்டி எடுத்த மாதிரி."

"அப்ப இது பொய்யோ?"

"பொய் இல்ல. தங்கம் உண்மை. பவுண் உண்மை. வருஷமும் உண்மை. ஒரு எழுத்து மட்டும் ஈந்து, இப்ப இல்ல. எழுத்து ஈந்தா அது சாதாரணப் பவுண்."

"சாதாரணப் பவுணெண்டாலும் கடை விலையைவிடக் கொஞ்சம் கூடத்தானே?"

"சொரண்டாம ஈந்தா. சொரண்டினா சேர்க்கிற ஆக்கள் தொடவே மாட்டாங்க. உருக்குற விலைதான்."

துஷாந்தி ஹாஜியாரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"நிச்சயமாத் தெரியுமோ?"

"நிச்சயமா செல்ல ஏலா. தேஞ்சும் அப்பிடி வரலாம். இங்கிலாந்துக்கு அனுப்பினா பாத்துச் செல்லுவாங்க. அனுப்புற செலவு, அனுமதி எல்லாம் பாத்தா..." அவன் நாணயத்தை அவளிடம் நீட்டினான்.

பக்கத்தில் மஸாஹிரா பத்து கிராம் பிஸ்கட் ஒன்றை எடுத்து, நிறையும் தூய்மையும் எழுதிய பில்லை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் துஷாந்தி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுணுக்குக்காட்டியின் கீழே நாணயத்தை வைத்து, கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து அடித்தாள். ஒருமுறை பார்த்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. யாரோ அரம் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தைச் சற்று நகர்த்தினால் கீறல்கள் எல்லா இடத்திலும் இருந்தன. குதிரையின் வயிற்றிலும், ராசாவின் தாடியிலும். கண்ணில் கண்ணாடியும் கையில் நுண்ணிய அரமுமாக நாள் முழுக்க இருக்கும் செல்லப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மீண்டும் கடுகண்ணாவைக்குப் போனாள். கோபமாகப் பேசவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைக்குள் போனதும் வந்தது வேறு.

"ஐயா, இதில ஒரு எழுத்து இருந்து அழிச்சிருக்கு எண்டு சொல்லுகினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

செல்லப்பா மணிக்கூட்டைக் கீழே வைத்தார். "நான் பொய் சொல்லி விக்கலம்மா. தெனமும் இந்தக் கண்ணாடியாலதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." நாணயத்தை வாங்கினார். விளக்கைச் சாய்க்கச் சொல்லி அவள் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து, நின்று, போய்விட்டார்.

"இத்தன வருஷமா நேராவே பாத்துருக்கேன்," என்றார் கடைசியில். "சாய்ச்சுப் பாக்கல."

அவருடைய முகம் களைத்துப்போயிருந்தது. இவர் செய்யவில்லை என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது. அது உண்மைதானா என்று பிறகு பல தடவை யோசித்தாள்.

"நான் காசைத் திருப்பித் தர்றேன். ஆனா கூரைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஒரு லட்சம் இருக்கு. அத எடுத்துக்கிட்டு பவுணயும் நீங்களே வச்சுக்கங்க." பிறகு அவரே நிறுத்தினார். "ஆனா ஒண்ணும்மா. நாளைக்கு இது உண்மையான இலண்டன் பவுண்தான்னு தெரிஞ்சா? அப்ப ஏமாந்தவன் நானாயிடுவேன்ல?"

அவள் அதை மறுபக்கமாக யோசித்தாள். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அது பிறகு உண்மையாகிவிட்டால்? அப்படியென்றால் ஏமாந்தவள் அவள். இருவரும் நாணயத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். செல்லப்பா பிளேன்டீ வரவழைத்தார். ஒரு லட்சம் உங்களிடமே இருக்கட்டும், நான் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பவுணோடு அவள் பஸ் ஏறினாள்.

யோசித்து முடியவில்லை. மாதங்கள் போயின. தங்கம் ஏறத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு வாரத்துக்கு வாரம். அடுத்த தை மாதம் ஒருநாள் செல்லப்பா தொலைபேசி எடுத்தார்.

"பேப்பர் பாத்தீங்களாம்மா? வெறும் தங்கமே நீங்க குடுத்த விலைக்கு வந்துருச்சு. அந்த ஒரு லட்சம் இன்னும் நான் தரணுமா? கேக்கக் கூச்சமா இருக்கு. ஆனா கேக்காம இருக்கவும் முடியல."

அவள் பேப்பரைப் பார்த்தாள். உண்மைதான். மூன்றரை லட்சம். நட்டமில்லை. மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. "வேண்டாம் ஐயா, விடுங்கோ," என்றாள்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் அதை மஸாஹிராவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். மஸாஹிரா கையிலிருந்த இரத்தக் குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

"என்ட பிஸ்கட் அன்டைக்கி ரெண்டே முக்கால் லட்சம் சொச்சம். இப்ப நாலே முக்கால்."

துஷாந்தி ஒரு பழைய அறிக்கைத் தாளைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் பார்த்தாள். அதே மூன்றரை லட்சத்துக்கு அன்று வெறும் பவுண் வாங்கியிருந்தால் ஒன்றரைப் பவுணுக்கு மேல் வந்திருக்கும். இன்று அது ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். ஆகவே அவள் நட்டப்பட்டிருக்கிறாள். கையிலிருந்து ஒரு ரூபாகூடப் போகவில்லை. ஆனாலும் நட்டம். சயந்தனிடம் கேட்டாள். அவன் முதல்முறையாக வணிகம் பேசினான். "அது நட்டமில்லை. வரவேண்டியது வராமப் போனது. ரெண்டும் ஒண்டில்லை." சற்றுக் கழித்து, "ஆனா ஒண்டுதான்," என்றான்.

வேண்டாம் என்று சொன்ன காசை எப்படித் திரும்பக் கேட்பது? வாரம் முழுக்கத் தொலைபேசியை எடுத்து எடுத்து வைத்தாள். சனிக்கிழமை, கேட்பதா விடுவதா என்று முடிவெடுக்காமலே கடுகண்ணாவைக்குப் போனாள். அவளைக் கண்டதும் செல்லப்பா லாச்சியைத் திறந்து ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார்.

"நானும் கணக்குப் பாத்தேம்மா. நீங்க வேணாம்னு சொன்னதுலேருந்து தூக்கம் வரல. அம்பதாயிரம் இருக்கு. முழுசையும் குடுத்தா எனக்கு அநியாயம், ஒண்ணுமே குடுக்காட்டி உங்களுக்கு அநியாயம். இது சரியான்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியேல்லை ஐயா," என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.

வரும்வழியில் டவுனில் இறங்கி ஹாஜியாரின் கடைக்குப் போனாள். அந்த ஐம்பதாயிரத்துக்கு இருபத்திநாலு கெரட் ஒரு கிராம்தான் வந்தது. விரல் நகத்தைவிடச் சிறிய தகடு, மூடிய பிளாஸ்டிக் உறைக்குள். நிறையும் தூய்மையும் எழுதிய பில்லை அவள் இரண்டு தடவை வாசித்தாள். அதில் விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை.

"மற்றதையும் கொண்டுவாங்க, மகள்," என்றார் ஹாஜியார். "நல்ல விலை போற நேரம். உருக்கி இதுமாதிரியே எடுத்துத் தாறன். தலையிடி முடிஞ்சுது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. கடையின் மறுமூலையில் ஹுதைபா நிமிர்ந்து பார்த்தான்.

"அது இருக்கட்டும், ஹாஜியார்."

"எதுக்கு?"

துஷாந்தி பில்லை நாலாக மடித்தாள். தகட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் மஹய்யாவ பஸ் போய்விடும் என்று சொல்லி வெளியே வந்தாள்.