முதலில் நுழைந்தவரின் பக்கம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு வசனம் எழுதித் தரச் சொன்னார்கள். சரியென்று தலையாட்டி மாட்டிக்கொண்டேன்.

கேட்டவள், எங்கள் வார இதழின் இணையதளம் ஓடுகிற கம்பெனியில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் 'சர்வரம்மா'. முப்பதைத் தொடாத பெண்ணுக்கு அந்தப் பட்டம் கொஞ்சம் பெரிசுதான். என் தொடர்கதைப் பக்கம் திறக்காவிட்டால் அவளுக்குத்தான் போன் செய்வேன். முந்தாநாள் அவளே செய்தாள்.

"சார், வாரா வாரம் எத்தனை பேரைப் பேச வைக்கிறீங்க! எனக்கு ஒரே ஒரு போன் பேச்சு எழுதிக் குடுங்களேன்."

"யார்கிட்ட பேசணும்?"

"எங்க அண்ணிகிட்ட."

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? அதுக்கு எதுக்கு வசனம்?"

"அதனாலதான் சார் வேணும்."

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

சர்வர் அறையில் சிவப்பு விளக்கு பளிச் பளிச்சென்று எரிய, சர்வரம்மாவின் நெஞ்சு திக்கென்று –

படித்துக் காட்டினேன். சிரித்தாள். "சிவப்பு விளக்கெல்லாம் எரியாது சார். சர்வரே எங்கயோ வேற ஊர்ல இருக்கு. நான் உக்காந்து வாழைப்பழம் உரிச்சுட்டு இருந்தேன்."

விளக்கை அணைத்துவிட்டேன். வாழைப்பழத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

3

அவள் வேலை புரியாமல் கதை நகராது. (பொறுமையில்லாதவர்கள் நேரே நாலாம் பகுதிக்குப் போகலாம். அங்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று எனக்குக் கடிதம் போடக் கூடாது.)

ஓர் அலுவலகத்தின் முன்மேசையில் ஓர் ஆள் இருக்கிறார். வருகிறவர் யாரானாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் உள்ளே போய்ப் பதில் வாங்கிவந்து தருவார். இந்த ஆளுக்குத்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று பெயர். கெட்டிக்காரர். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் பத்துத் தடவை உள்ளே நடக்க மாட்டார். முதல் பதிலை நகல் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் அதையே நீட்டுவார். அந்த நகல் குவியல்தான் கேஷ்.

"கடை எப்போது திறக்கும்?" என்ற கேள்விக்கு இது அருமையான ஏற்பாடு. "என் கணக்கில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒருவரின் பதிலை இன்னொருவரிடம் நீட்டினால் குடி முழுகிவிடும். ஆகவே சில பதில்கள் தலையில் 'நகல் எடுக்காதே' என்ற குறிப்போடுதான் உள்ளிருந்து வரும். முன்மேசை ஆள் அதை மதிக்க வேண்டும்.

4

திங்கட்கிழமை காலை, வாடகை வீடு பார்த்துத் தருகிற ஒரு நிறுவனத்தின் தளம்* நொண்டியடித்தது. விளம்பரம் வந்த நாள், கூட்டம் தாங்கவில்லை. நிறுவனத்தின் முதலாளி போனில் தையத் தக்கா என்று குதித்தார். சர்வரம்மா, ஒரு செய்தித் தளத்தின் முன்மேசை ஆளுக்காக முன்பு எழுதிய விதிகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினாள். செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால், 'நகல் எடுக்காதே' குறிப்பைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று அங்கே ஒரு வரி உண்டு. அந்த வரியும் கூடவே வந்துவிட்டது.

தளம் பறந்தது. "கைராசிக்காரிம்மா நீ!" என்றார் முதலாளி. அப்போதுதான் அந்த வாழைப்பழம்.

பாதி தின்பதற்குள் மறுபடி அவரே: "ஏம்மா, யார் உள்ள நுழைஞ்சாலும் ஒரே அம்மாவோட விவரம் வருது! எனக்கும் அதேதான் வருது!"

விதி மாறியபின் முதலில் நுழைந்தவரின் பக்கம் நகலாகிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அதுவே போய்க்கொண்டிருந்தது. சர்வரம்மா திறந்து பார்த்தாள். ஒரு போன் எண். தேவை, ஓர் அறை வீடு. குடியிருப்போர், பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று. அடுத்த மாதத்திலிருந்து.

பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவள் தினமும் கூப்பிடுகிற எண். அண்ணியின் எண்.

அவர்கள் வீட்டில் குழந்தை ஒன்றுதான். பெரியவர்கள் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, இவள்.

நகலை அழித்தாள். அந்த வரியை எடுத்தாள். (பிறகு 'முகம் கழுவப் போய்க் கண்ணீர் வடித்தாள்' என்று எழுதியிருந்தேன். "அழல சார். குழாயைத் தெறந்துட்டு மூட மறந்துட்டேன்" என்றாள்.)

* வீடுதானா என்று கேட்காதீர்கள். ஒருவரின் பக்கம் ஊருக்கெல்லாம் போன கதையை நானும் ஊருக்கெல்லாம் அனுப்பப் போகிறேன். அதனால் நிறைய மாற்றியிருக்கிறேன். கிழமைகூட மாறியிருக்கலாம்.

5

எங்கள் உதவி ஆசிரியர் கேட்டுவிட்டுத் துள்ளினார். "நாத்தனார் கையில அண்ணி குடுமி! அண்ணன்கிட்ட போட்டுக் குடுக்குறா, வீடு ரெண்டாகுது. சும்மா ஆறு மாசம் ஓடும்!"

எழுதிப் பார்த்தேன்: "அண்ணா, உன் பெண்டாட்டி என்ன பண்றான்னு உனக்குத் தெரியுமா" – அதற்குமேல் அந்தப் பெண் என் பேச்சைக் கேட்கவில்லை.

சரி, அண்ணனைக் குடிகாரனாக்கிவிடலாமா? வாசகர் கண்ணை மூடிக்கொண்டு அண்ணியோடு சேர்ந்துகொள்வார். சர்வரம்மாவிடமே கேட்டேன்.

"எங்க அண்ணன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார் சார். அண்ணி எது கேட்டாலும் 'பாக்கலாம்'பார். வேலைக்குப் போகட்டுமா? பாக்கலாம். பாப்பாவுக்கு ஸ்கூல் மாத்தலாமா? பாக்கலாம். தலைவலி நிக்கவே இல்லை, டாக்டர்கிட்ட காட்டலாமா? அதுக்கும் பாக்கலாம். சத்தமே இல்லாத வீடு சார். நான் அதை நல்ல வீடுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தோன்றியிருக்காது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

6

சொல்லாமலே விட்டிருக்கலாம். வாடகை நிறுவன முதலாளி அதைத்தான் சொன்னார்: "அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது? நீயும் வாயைத் தெறக்காதே, நானும் தெறக்கல." கம்பெனி மேலாளர் ஒப்பவில்லை. "நம்ம தப்பு, சொல்லித்தான் ஆகணும். உனக்குச் சங்கடம்னா நானே பேசறேன்."

அவர் பேசினால் கம்பெனி பெயரைச் சொல்வார். நாத்தனார் வேலை பார்க்கிற இடம் அண்ணிக்குத் தெரியாதா? யாருமே பேசாவிட்டால், அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் அண்ணனுக்குத் தெரிந்தவராக இருந்து, "என்னப்பா, வீடு மாத்தறியா?" என்று கேட்டுத் தொலைக்கலாம். அண்ணி வாயைத் திறக்குமுன் அவள் சேதி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அன்று சாயங்காலம் இருவரும் போர்வை மடித்தார்கள். இரண்டு முனை இவளிடம், இரண்டு முனை அண்ணியிடம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஆபீஸ்ல திட்டு வாங்கினியா?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன் அண்ணி. வேற ஒருத்தரைப் பாதிக்கிற மாதிரி."

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

கூடத்தில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்ல."

"சொல்லிடு. கடிச்சா தின்னுடுவாங்க?" என்று போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள்தான் சர்வரம்மா எனக்கு போன் செய்தது.

7

வசனம், முதல் வரைவு: "அண்ணி, எங்கள் தரப்பில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு காரணமாக" –

"பேங்க்லேருந்து மெசேஜ் வந்த மாதிரி இருக்கு சார்."

இரண்டாவது: "அண்ணி, என்ன ஆனாலும் உங்களுக்குத் துணையா நான் இருக்கேன்."

"அவங்க துணை கேக்கலையே. என்ன வேணும்னு நான் கேட்டதும் இல்லையே."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அண்ணியின் பதில்களையும் சேர்த்து மூன்று விதமாக முழு உரையாடலே எழுதி அனுப்பினேன். ஒன்றில் அண்ணி அழுகிறாள். ஒன்றில், "உங்க அண்ணன் காதுக்குப் போகக் கூடாது" என்று கெஞ்சுகிறாள். மூன்றாவதில் வீடு தேடுவதையே விட்டுவிட்டு நாத்தனாரைக் கட்டிக்கொள்கிறாள். அதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மூன்றையும் படித்துவிட்டுப் பேசினாள். "நல்லா இருக்கு சார். ஆனா அண்ணி பேசறதை மட்டும் அழிச்சுடுங்க."

"ஏம்மா?"

"இது மனசுல இருந்தா, அவங்க என்ன சொன்னாலும் என் காதுல இதுதான் விழும். அந்த வீட்டுல அவங்க சொல்லி யாரும் கேட்டதில்ல சார். நானாவது கேக்கணும்."

அழித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

"அண்ணி, திங்கக்கிழமை நான் பண்ணின தப்பால, நீங்க வீடு தேடற விவரம் மத்தவங்க கண்ணுல பட்டுடுச்சு. நானும் பார்த்துட்டேன். அண்ணன்கிட்ட சொல்லல. நான் என்ன பண்ணணும், நீங்க சொல்லுங்க."

கடைசி வாக்கியம் அவள் சேர்த்தது.

8

ஆபீஸில் எல்லோரும் இருப்பார்கள், வீட்டில் அண்ணன் இருப்பார் என்று இன்று பகல் எங்கள் அலுவலகத்துக்கே வந்தாள். பழைய இதழ்கள் கிடக்கிற அறையைக் காட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவு, பார்க்கலாம், கேட்காது.

அவள் உதடு அசைந்தது. எழுதிய வாக்கியங்களுக்குரிய நேரம்தான் ஆயிற்று. பிறகு உதடு மூடிக்கொண்டது. அப்புறம் ஓர் இதழ்க் கட்டின் மேல் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

உதவி ஆசிரியர் வந்து என் தோளை இடித்தார். "கதவைக் கொஞ்சம் தெறந்து வைங்க சார். பாவம், உள்ள காத்தே இல்ல."

"காத்து போதும், போய் வேலையைப் பாருய்யா."

"அப்ப முடிவு?"

அழித்தாலும் மூன்று முடிவு என் மனசில் தயாராக இருக்கிறது. ஒன்றைத் தூக்கி இங்கே வைத்தால் இந்த இதழ் நேரத்தோடு அச்சுக்குப் போய்விடும். வைக்கவில்லை. அண்ணி பேசவேண்டிய இடத்தை வெற்றாக விடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி:



உங்களுக்கும் ஏதாவது தோன்றியிருக்கும். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போனில் அண்ணி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.